சீற்றமும் சொல்லும்

கட்டாயத் தகனம் பற்றி எம்மவர் எழுதிய கவிதைகள் பலவற்றை அண்மையில் ஒருசேர வாசித்தேன். 2020 மார்ச் இறுதியிலிருந்து ஓராண்டு காலம், கொவிட்டில் மௌத்தானோரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். இந்த அநீதியைப் பாடாதிருந்தால்தான் குற்றம். ஆயினும், வாசித்து முடித்தபின் மனதில் தங்கியவை மிகச் சொற்பமே.

காரணம் சீற்றக் குறைவல்ல. பெரும்பாலானவற்றில் பிர்அவ்ன் வருகிறான், நம்ரூதின் தீக்குண்டம் வருகிறது, முடிவில் ஒரு சாபம் வருகிறது. இவை எந்த நாட்டின், எந்த ஆண்டின் கொடுமைக்கும் பொருந்துவன. பொருந்துவதே குறை. நடந்ததோ ஒரு வர்த்தமானி அறிவித்தலின் பெயரால் நடந்தது. பெட்டிக்கும் எரிப்புக்கும் குடும்பத்தாரிடமே பணம் கேட்டார்கள். 2020 டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபது நாளான சிசுவொன்று பெற்றோர் இணங்காமலே எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், அதையும் அகற்றினார்கள். இந்த விபரங்களுக்கு முன்னால் பிர்அவ்ன் எதற்கு?

எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எழுந்த கவிதை. அதில் கூக்குரலே இல்லை. புத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார். தமது பட்டியலில் இல்லாதவரை ஏன் கொன்றீர்கள் என்று அமைச்சர்கள் விசாரிக்கிறார்கள். கொன்றவர்கள் கந்தோர்க் கணக்குப்போல் விளக்கம் சொல்கிறார்கள். பிறகு புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள். பட்டியல் என்ற அந்த ஒற்றைச் சொல்லில் அரச இயந்திரம் முழுவதும் தெரிகிறது. கவிஞர் யாரையும் திட்டவில்லை. கொன்றவர்கள் போற்றும் புத்தரையே கொலையுண்டவராக்கியதால், அதை மறுக்க அவர்களுக்கு வழியில்லாமற் போகிறது.

வீடு பற்றி எரிகையில் சொல்லை நிறுத்துப் பார்க்கச் சொல்கிறீரா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைய நாட்களில் நானும் ஒரு கவிதை எழுதினேன். இப்போது எடுத்துப் பார்த்தால் 'நெருப்பு' ஏழு இடத்தில் இருக்கிறது, ஜனாஸா ஓரிடத்திலும் இல்லை. யாருடைய மையித்துக்காக அழுதேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

இன்னொன்று. நுஃமான் கல்முனைக்குடிக்காரர், எரிந்தது யாழ்ப்பாணத்து நூலகம். எமது கவிதைகளிலோ 'நாம்' என்பது பெரும்பாலும் முஸ்லிம்கள் மாத்திரமே. வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவக் குருமாரும் இருந்தார்கள். 2021 மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியபின், மாற்று மதத்தினர் சிலரும் அந்த மண்ணிலேயே அடக்கப்பட்டனர். அவர்களுடைய கபுறுகளைப் பற்றி நான் வாசித்த கவிதைகளில் ஒரு வரியும் இல்லை.