குத்து வாங்கியவனின் முகம்: ஒரு மாணவர் குறும்படத்தை முன்வைத்து

இலக்கியச் சஞ்சிகையொன்றில் குத்துச்சண்டை பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். கடந்த ஆண்டு உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை பயிலும் எனது மாணவர் ஐவர், மூன்று பையன்களும் இரண்டு பிள்ளைகளும், ஓய்வறை வாசலில் வந்து நின்று, "சேர், நாங்க பொக்சிங் படமொண்டு எடுக்கப் போறம்" என்று சொன்னபோது நானும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டேன். வாழைச்சேனையில் மீன் இருக்கிறது, வாவி இருக்கிறது, கடதாசி ஆலை இருக்கிறது, கதைகளும் ஏராளம். இவர்களில் ஒருவராவது குத்துச்சண்டை மேடையொன்றைக் கண்ணால் கண்டதில்லை. பிறகு ஏன் இந்த ஆசை?

விடை எளிமையானது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, 2021 ஜூலையில் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் இவர்கள். ஆசைக்கு அது போதும். படத்துக்கு அது போதாது என்பதை அவர்கள் கற்றுக்கொண்ட விதமும், கூடவே நான் கற்றுக்கொண்டதுமே இக்கட்டுரை.

அவர்கள் கொண்டுவந்த முதற் பிரதி ஐந்து பக்கம். மீனவர் ஒருவரின் மகனை ஊரே இகழ்கிறது. அவன் கடற்கரையில் ஓடுகிறான், மணல் மூட்டையில் குத்துகிறான், இறுதியில் வெல்கிறான், உம்மா கண்ணீர் விடுகிறார். ஐந்து பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சண்டை. நான் சிவப்பு மையினால் இரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, எழுத்துப் பிழைகள். மற்றது, "முடிவில் சமூகத்துக்கு ஒரு நற்செய்தி இருக்க வேண்டும்." இன்று அந்த இரண்டாவது குறிப்பை நினைக்க வெட்கமாக இருக்கிறது. நமது சிறுகதைகளில் பாதியைக் கெடுத்தது இந்த நற்செய்திதான் என்று கூட்டங்களில் பேசுகிறவன் நான். மாணவரின் பிரதி கைக்கு வந்ததும் அதே நோயைத்தான் அவர்களுக்கும் தொற்றவைக்கப் பார்த்தேன்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், "தெரியாத ஒன்றைப் பற்றிப் படமெடுக்கக் கூடாது, முதலில் தேடிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பியதுதான்.

மூன்று வாரங்களில் ஒரு கொப்பி நிறையக் கொண்டுவந்தார்கள். 'வளையம்' என்று நாம் சொல்லும் அந்த இடம் உண்மையில் ஒரு சதுரம், கயிற்றுக்குள் பக்கமொன்று ஏறத்தாழ 20 அடி. சுற்றொன்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தவர் பார்னி ஹென்ரிகஸ் என்ற குத்துச்சண்டை வீரர். தேடலின்றேல் எனக்கே தெரிந்திராத செய்தி அது. மாணவி ஒருத்தி தன் பக்கத்தில் வேறொன்றைக் குறித்திருந்தாள். 1982 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காம் சுற்றில் விழுந்தார். சில நாட்களில் இறந்தார். அதன் பின்னரே உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றுக்குக் குறைக்கப்பட்டன. "மூணு சுற்றுக் குறைக்க ஒரு ஆள் மௌத்தாக வேண்டியிருந்திருக்கு சேர்" என்றாள் அவள். பிரதியில் இல்லாத கனம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அடுத்து அவர்கள் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தார்கள். கடதாசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கொழும்பில் தங்கியிருந்த காலத்தில் குத்துச்சண்டை பழகியவர். மாணவர்கள் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "எல்லாரும் அடிச்சவனத்தான் எழுதியிருக்கீங்க மகன். அடி வாங்கினவன் எங்க?"

தான் வென்ற சண்டைகள் அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லையாம். தோற்ற ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறதாம். நிறையைக் குறைப்பதற்காக முதல் நாள் பட்டினி கிடந்தது, கைக்குத் துணி சுற்றும்போது விரல்கள் குளிர்ந்தது, மறுநாள் கண் வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போக வெட்கப்பட்டது. இடைவேளை ஒரு நிமிடத்தில் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் தண்ணீர் தந்து, முகத்தைத் துடைத்து, "இடது கை இறங்குது, தூக்கு" என்று மட்டும் சொல்வாராம். புகழவும் மாட்டார், ஏசவும் மாட்டார்.

இந்த இடத்தில் நான் அவர்களுக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினேன். ஸ்டான்லி குப்ரிக்கின் முதற் படமான 'சண்டை நாள்', 1951இல் வெளிவந்த பதினாறு நிமிடக் குறும்படம். குப்ரிக் அப்போது 'லுக்' சஞ்சிகையின் புகைப்படக்காரர். முன்னர் அதே சஞ்சிகைக்காக வோல்டர் கார்டியர் என்ற வீரரைப் பின்தொடர்ந்து படங்கள் எடுத்திருந்தார். அந்தப் புகைப்படக் கட்டுரையே படத்துக்கான தேடலாகவும் திட்டமாகவும் அமைந்தது. 1950 ஏப்ரலில் கார்டியரின் உண்மையான சண்டையொன்றை அவரும் நண்பர் அலெக்சாண்டர் சிங்கரும் படம்பிடித்தார்கள். அப்போது குப்ரிக்குக்கு வயது 21. மீண்டும் எடுக்க முடியாத நிகழ்வு. எனவே எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்பிய பாடம் அது. ஆனால் அவர்கள் கண்டது வேறொன்று. "சேர், சண்டை கடைசியிலதானே வருது" என்றான் நெறியாளனாக இருந்த பையன். உண்மைதான். படத்தின் பெரும்பகுதி காத்திருத்தல். காலையில் எழுவது, தேவாலயம் போவது, இரட்டைச் சகோதரனோடு இருப்பது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வது. நாளை இந்த முகம் எப்படி இருக்கும் என்ற கேள்வி அந்தக் கண்ணாடிக் காட்சிக்குள் இருக்கிறது. குத்துச்சண்டைப் படத்தின் மையம் கை அல்ல, முகம் என்று எனக்கு முதன்முதலாகப் பட்டது அப்போதுதான்.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) படத்தையும் இப்படித்தான் வாசிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வளையத்துக்குள் கழியும் நேரம் மிகக் குறைவு. கமெராவைக் கயிற்றுக்கு வெளியே பார்வையாளர் பக்கம் வைக்காமல் உள்ளே கொண்டுபோனார் ஸ்கோர்செஸி. அதனால் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்க முடிவதில்லை. அடி நமக்கு மிக அருகில் விழுகிறது.

தமிழில் நிலைமை என்ன? சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) மீன் விற்கும் பெண்ணொருத்தியை வளையத்துக்குள் கொண்டுவந்தது. அதில் நடித்த ரித்திகா சிங் உண்மையாகவே குத்துச்சண்டை பழகியவர் என்பதால் உடல்மொழியில் பொய் இல்லை. ஆனால் படம் வெற்றியில் முடிந்தே ஆக வேண்டியிருந்தது. 'சார்பட்டா' இதனிலும் ஆழமானது. வடசென்னையின் பரம்பரைகள், 1975இன் நெருக்கடிநிலை, சாதி, குடும்பம் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் வந்து நிற்கின்றன. கபிலனின் தாய் பாக்கியம் மகனைக் குத்துச்சண்டைப் பக்கமே போகவிடாமல் தடுப்பவள்; அவளுடைய கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அப்படியிருந்தும் பார்த்தவர்கள் அதிகம் பேசியது கதாநாயகனைப் பற்றி அல்ல, டான்சிங் ரோஸைப் பற்றி. கபிலனிடம் தோற்பவன் அவன். தோற்றவனுக்கு ஒரு நடையும் ஒரு கண்ணியமும் கொடுத்தால் பார்வையாளர் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் மூன்று மணி நேரப் படத்தின் இறுதியில் நாம் கைதட்டுவது விழுந்தவனுக்காக அல்ல. நமது சினிமா இன்னும் அந்தக் கயிற்றைத் தாண்டவில்லை.

மாணவர்கள் பிரதியைத் திருப்பி எழுதினார்கள். அப்போது இரண்டு சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, தோற்பவனாக நடிக்க எவரும் முன்வரவில்லை. "தோத்தவன்ட கதைய ஆரு பார்ப்பாங்க சேர்?" என்று கேட்டான், வெல்பவனாக நடிக்க ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தவன். நாம் வளர்த்த ரசனை அது; பையனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது சிக்கல் சற்றுப் பெரியது. மாணவனொருவனின் வாப்பா, குத்துச்சண்டை ஹராம் அல்லவா, இதை ஏன் பிள்ளைகள் படமாக்குகிறார்கள் என்று கேட்டார். முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொன்னது நபிகளாரின் வழிகாட்டல். 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை குத்துச்சண்டையைத் தடுத்துத் தீர்ப்பளித்ததும் நம்மில் பலர் அறிந்ததே. அதேவேளை, 1964இல் இஸ்லாத்தை வெளிப்படையாக அறிவித்து, 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்த முகம்மத் அலியை நம் வீடுகளில் நேசிக்காதவர் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டுதான் நாம் வாழ்கிறோம். எழுத்தில் மட்டும் ஏனோ இதைத் தொடுவதில்லை.

படத்தை நிறுத்திவிடலாமா என்று நான் யோசித்தேன். மாணவர்கள் யோசிக்கவில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு ஊர் மௌலவி ஒருவரிடம் போனார்கள். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "அடிக்கிறத ஆசையாக் காட்டப் போறீங்களா, இல்ல அதுட வலியக் காட்டப் போறீங்களா?" பிறகு, பலசாலி என்பவன் பிறரை வீழ்த்துபவன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவன் என்ற கருத்திலமைந்த ஹதீஸை நினைவூட்டி அனுப்பியிருக்கிறார். எந்தச் சினிமாவைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்வி அது. நமது விமர்சகர்கள் பலர் கேட்கத் தவறிய கேள்வியும்கூட.

அன்றிரவு அவர்கள் எடுத்த முடிவு என்னைத் திகைக்க வைத்தது. படத்தில் ஒரு குத்துக்கூட முகத்தில் விழுவதாகக் காட்டுவதில்லை. ஒருவருடைய முகத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதை அப்படியே படத்தின் இலக்கணமாகிவிட்டது. சண்டையை ஓசையாக மட்டும் வைப்பது, படம் முழுவதும் மறுநாள் காலையில் நடப்பது என்று தீர்மானித்து, ஒவ்வொரு ஷொட்டையும் கொப்பியில் பெட்டி பெட்டியாக வரைந்தார்கள். மொத்தம் 31 பெட்டி. தோற்பவனாக நடிக்க மறுத்த பையனே, பெரியவரை இன்னொரு தடவை தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இனி ஏழு நிமிடப் படத்தைப் பற்றி. கறுத்த திரையில் குத்தும் ஓசை. ஈரச்சாக்கில் மணல் நிரப்பிக் குத்திப் பதிவு செய்தது. பிறகு விடியற்காலை வாவி. வீங்கிய முகத்தோடு ஒருவன் தோணியிலிருந்து மீன் இறக்குகிறான். சந்தையில் வாப்பாவுக்கு உதவியாக நிற்கிறான். வருகிறவர்கள் மீனைப் பார்க்க முன்னர் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். கையில் பிளாஸ்டர் ஒட்டிய ஒருவன் மீன் வாங்க வருகிறான். நேற்று வென்றவன் அவன்தான் என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். வாப்பா மீனை நிறுத்து, கூடுதலாக ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

குறைகள் உள்ளன. வாவிக்கரைக் காட்சிகளில் காற்றின் இரைச்சல் வசனத்தை விழுங்குகிறது. வீக்கத்துக்குப் பூசிய நிறம் இரண்டு ஷொட்டுகளில் வேறு வேறாகத் தெரிகிறது. வென்றவன், "நானும் பயந்துதான் நிண்டன்" என்று சொல்வது தேவையில்லாத வசனம். அவனுடைய கையே அதைச் சொல்லிவிட்டது. அதை வெட்டும்படி சொன்னேன். படத்தொகுப்புச் செய்த மாணவி மறுத்துவிட்டாள். "அது உங்களுக்கு விளங்கும் சேர், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்காது" என்றாள். அவள் சொன்னது தவறென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் அதைச் சொல்லும் துணிவு முதற் பிரதி கொண்டுவந்த நாளில் அவளுக்கு இருக்கவில்லை. இதே மாணவிதான் "உம்மா அழுறதுக்கு மட்டும்தானா வாறா?" என்று கேட்டு, முதற் பிரதியின் கண்ணீர்க் காட்சியை நீக்க வைத்தவள். இப்போதைய படத்தில் உம்மா ஒரு தடவைதான் வருகிறார். மகனின் முகத்தைப் பார்க்காமல் தேநீரை வைத்துவிட்டுப் போகிறார். படத்தின் மிகச் சிறந்த ஷொட் அதுவே.

வகுப்பறையில் திரையிட்டபோது சிறிய பையனொருவன் பாதியில் உரத்துக் கேட்டான்: "சண்டை எப்ப வரும்?" எல்லோரும் சிரித்தார்கள். சந்தைக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. நமது வெளியீட்டு விழாக்களில் மேடையில் பொன்னாடை, வெளியே தேநீர்க் கடையில் குத்து. இரண்டுமே எழுதுகிறவனுக்குப் பயன்படுவதில்லை. ஒரு பெரியவரும் ஒரு மௌலவியும் ஒரு மாணவியும் அந்தப் பிரதிக்குச் செய்தது மூன்றாவது வகை. பிரதியை முழுமையாக வாசித்து, ஒரு கேள்வி மட்டும் கேட்டு, எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மூலையில் நிற்கும் பயிற்சியாளர் செய்வதும் அதுதான். அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்.

மாணவர்கள் அடுத்த படத்துக்கான பிரதியொன்றைத் தந்திருக்கிறார்கள். இம்முறை சிவப்புப் பேனையைத் தொடாமல் இரண்டு தடவை வாசித்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எனக்குள் உருவாகவில்லை.