முகத்துவாரத்துப் பச்சை

பட்டினப்பாக்கத்தில் சீனிவாசபுரத்தைத் தாண்டினால் அடையாறு கடலைச் சேரும் இடம். நீர் வடியும்போது சேற்றின்மேல் கரும்பச்சையாக, வழுவழுப்பாக ஒரு படலம் தெரியும். அழுக்கு அல்ல, நீலப்பசும்பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. வெயிலின் துணையோடு கரியமில வாயுவை இழுத்துத் தன் உடலாக்கிக்கொள்கிறது. அதன் பசையும் இழைகளும் தளர்ந்த மணலைப் பின்னிப் பிடிக்கின்றன. எவ்வளவு நேர்த்தியான நெசவு! தென்சீனத்தில் மண் அரித்துப்போய் மொட்டையாகிவிட்ட சுண்ணாம்புப் பாறைகளில் முதலில் குடியேறுபவற்றிலும் இதன் உறவுகள் உண்டு. புல் பூண்டெல்லாம் பிறகுதான்.

இந்தக் குலத்தை வகைப்படுத்திய பெருநூல் 'சயனோஃபைட்டா', 1959-இல் வந்தது. எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி. அந்தப் பல்கலைக்கழகமும் இதே கடற்கரையில்தான், சற்று வடக்கே.

அடுத்த முறை முகத்துவாரம் போனால், அந்தப் பச்சையை மிதிக்காமல் நடங்கள்.