பாவமும் மலமும்

கிறித்தவர் கூறும் பாவமும் நம் நூல்கள் கூறும் பாவமும் சொல்லால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல. புண்ணியத்தோடு இணைத்து இருவினையென நாம் எண்ணும் பாவம் தீச்செயலின் பயன். அவர் கூறுவதோ, ஆதாமின் கீழ்ப்படியாமையால் மக்களனைவரையும் பற்றிய இயல்புக் கேடு. ஆகலின் அதனை ஆணவத்தோடு ஒப்புநோக்குதலே முறை. ஒப்புநோக்கினும் வேற்றுமை நிற்கும். ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி. கிறித்தவரது பாவமோ தொடக்கமுடையது. கட்டளை மீறிய குற்றமாதலின் மன்னிப்பை வேண்டி நிற்பது.

மன்னிப்பே போதுமெனின் ஒழுக்கம் எற்றுக்கு என நம்மவருட் சிலர் வினவுவர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் இதற்கு விடை தரும். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி 1894-இல் வெளிவந்த இக்காப்பியத்தில், சிலுவையடியில் யாத்திரிகனது பாவச்சுமை வீழ்கின்றது; ஆயினும் பயணம் அங்கு முடியவில்லை. போரும் சிறையும் ஐயமும் மரண ஆறும் அதன் பின்னரே வருகின்றன. சுமை நீங்குதல் மன்னிப்பு. எஞ்சிய வழி பரிசுத்தமாதல். பரிசுத்தமென்பது குற்றமின்மை மாத்திரமன்று, இறைவனுக்கென வேறுபிரிக்கப்பட்டு வாழ்தலுமாம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அணைந்தோர்க்கும் மலங்கழுவுதலையும் அடியாரிணக்கத்தையும் விதித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

எனவே, ஒழுக்கமில்லை என்று கிறித்தவரை மறுத்தல் பொருந்தாது. ஒருவன் பிழை ஏனை உயிர்களைப் பற்றுமாறு எங்ஙனம் என்பதே வினாவற்பாலது. பரபக்கத்தை உள்ளவாறு கூறிய பின்னரே சுபக்கத்தை நாட்டுதல் அருணந்தி சிவாசாரியார் காட்டிய நெறியன்றோ?