முடிவு தெரிந்த மற்போர்: தொழில்முறை மல்யுத்தத்தின் பாணிகளும் பார்வையாளர் தீர்ப்பும் காயங்களும்

மற்போரைப் பற்றிய தமிழின் மிகப் பழைய பதிவுகள், வீரனைப் பேசும் அளவுக்குப் பார்வையாளரையும் பேசுகின்றன. புறநானூற்றின் 80 ஆம் பாடலில், சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய விதத்தை, எந்தக் கால் மார்பை அழுத்தியது, எந்தக் கால் எதிர்ப்பைத் தாங்கி முதுகுப்புறம் சென்றது என்ற நுட்பத்தோடு சாத்தந்தையார் வருணிக்கின்றார். நக்கண்ணையாரோ 85 ஆம் பாடலில், வெற்றி கிள்ளியுடையதே என்று ஒரு சாராரும் அன்று என்று மறு சாராரும் பேசிக்கொண்டதையும், தாம் தம் வீட்டுப் பனையருகே நின்று அவன் வென்றதைக் கண்டதையும் சொல்கின்றார். அன்றைய கூட்டம் பிளவுபட்டது வென்றவர் யார் என்பதில்தான். இன்று தொழில்முறை மல்யுத்தம் எனப்படும் காட்சியில் வெல்பவர் யாரென்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிடுவதால், அந்த வாதம் வேறொரு திசைக்குத் திரும்பியிருக்கின்றது: ஆட்டம் எவ்வளவு நன்றாக ஆடப்பட்டது, எவ்வளவு நம்பும்படி இருந்தது, எவ்வளவு துணிச்சல் காட்டப்பட்டது என்பவையே இப்போது கூட்டத்தைப் பிரிக்கும் கேள்விகள். இக்கேள்விகளுக்குப் பார்வையாளர் அளிக்கும் விடைக்கும் மல்லர்களின் கழுத்தெலும்புக்கும் இடையிலுள்ள தொடர்பு, இத்துறை பற்றிய எழுத்துகளில் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

கொழும்புப் பகுதியில், இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தை வழியாகக் கொட்டாஞ்சேனை வரையுள்ள தமிழ் வீடுகளில் ‘ரெஸ்லிங்’ என்றால் அது பெரும்பாலும் அமெரிக்காவின் டபிள்யூ. டபிள்யூ. ஈ. நிறுவனத்தின் நிகழ்ச்சியையே குறிக்கும். உலக வனவிலங்கு நிதியத்துடன் எழுந்த வழக்கின் பின் 2002 இல் இப்பெயருக்கு மாறிய அந்நிறுவனத்தை, மூத்த தலைமுறையினர் இன்றும் டபிள்யூ. டபிள்யூ. எஃப். என்றே சொல்வர். அதே ஆண்டில் தொடங்கிய டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையும், மல்லர்களின் உயரம், எடை, மார்பளவு, புயத்தின் சுற்றளவு ஆகியவற்றை அச்சிட்டு வந்த விளையாட்டுச் சீட்டுகளும் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு இத்துறையின் பாடநூல்களாக இருந்தன. 2021 இல் சோனி நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் ஒலிக்கும் விளையாட்டு அலைவரிசையைத் தொடங்கியபோது இக்காட்சிக்குத் தமிழ் வருணனையும் கிடைத்தது. ஆயினும் தென்னாசியா இக்கலையை அமெரிக்காவிடமிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

பஞ்சாபின் காமா பயில்வான் 1910 செப்டெம்பரில் இலண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவைச் சந்தித்த ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீண்டு முடிவின்றி நின்றது. ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு படிந்து கிடந்தமையால் பார்வையாளர் சலிப்புற்றனர். 1928 இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. உண்மைப் போட்டி ஒன்று மிக நீண்டதாகவும் மிகக் குறுகியதாகவும் அமையக்கூடும் என்பதும், இரண்டுமே நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு உகந்தவையல்ல என்பதும் இவ்விரு ஆட்டங்களில் தெளிவாகத் தெரிகின்றன. முடிவை முன்கூட்டித் தீர்மானிக்கும் வழக்கம் வலுப்பெற்றதற்குச் சூதாட்டத்தையோ ஏமாற்றையோ மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. காட்சிக்கு ஓர் அளவான நீளமும் ஏற்ற இறக்கமும் தேவைப்பட்டதே அடிப்படைக் காரணம்.

அந்தத் தேவையை ஆசியாவில் நன்கு உணர்ந்திருந்தவர், ‘கிங் கொங்’ என்று பெயர் பூண்ட எமில் ஷாயா ஆவார். ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட இவர், தமது பேருடலையும் உறுமலையும் மூலதனமாக்கிக் கெட்டவன் பாத்திரத்தை ஆடினார். மல்யுத்தத் துறையில் ‘ஹீல்’ எனப்படும் இக்கெட்டவன் இல்லாமல் ‘ஃபேஸ்’ எனப்படும் நல்லவனுக்குக் கைதட்டல் கிடையாது. கிங் கொங்கின் எதிரில் நின்று அக்கைதட்டலைப் பெற்றவர், பின்னர் இந்திய ‘இராமாயண்’ தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றிய தாரா சிங். கூத்தில் அரக்கன் வரவுக்கும் அரசன் வரவுக்கும் வேறுவேறு தாளக்கட்டு இருப்பதைப் போல, இவர்களின் ஆட்டத்திலும் யார் எப்போது சீறுவது, யார் எப்போது பொறுப்பது என்ற ஒழுங்கு இருந்தது. பார்வையாளரும் அதை அறிந்தே ஆரவாரித்தனர். ரிங்கில் எத்தனையோ பேரைத் தம் எடையால் நசுக்கிய கிங் கொங், 1970 இல் வீதி விபத்தொன்றில் அடைந்த காயங்களால் இறந்தார்.

பாணிகளைப் பொறுத்தவரை, மெக்சிக்கோவின் ‘லூச்சா லிப்ரே’ முகமூடியும் வான்வழித் தாவலும் கொண்டது. 1933 இல் சல்வதோர் லுத்தெரோத் நிறுவிய அமைப்பு அதற்கு நிலையான வடிவம் தந்தது. அங்கே தோல்வியின் உச்சம் முகமூடியை இழப்பதாகும். பிரித்தானியாவின் பாணி சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, மூட்டுப் பிடிகளையும் அவற்றிலிருந்து விடுபடும் சாதுரியத்தையும் முதன்மைப்படுத்தியது. 1988 இல் ஐ. ரி. வி. ஒளிபரப்பை நிறுத்தியதோடு அதன் செல்வாக்கு மங்கியது. இவ்விரண்டையும்விட நீண்ட கவனத்தைக் கோருவது யப்பானியப் பாணியாகும்.

கொரியாவில் பிறந்து யப்பானில் சுமோ பயின்ற ரிக்கிடோசான், 1954 இல் அமெரிக்கர்களாக முன்னிறுத்தப்பட்ட கனடியர்களான ஷார்ப் சகோதரர்களுடன் மோதிய ஆட்டங்கள், போரில் தோற்ற தேசமொன்றின் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு முன் பெருங்கூட்டத்தைத் திரட்டின. அவருடைய மாணவர்களான அன்ரோனியோ இனோக்கியும் ஜயன்ற் பாபாவும் 1972 இல் தனித்தனி நிறுவனங்களைத் தொடங்கினர். இனோக்கியின் வழி ‘ஸ்ட்ரோங் ஸ்டைல்’ எனப்பட்டது. உதையும் அறையும் உடலில் மெய்யாகவே படும்படி ஆடுவது அதன் இயல்பு. பாபாவின் நிறுவனம் 1990 களில் வளர்த்த பாணியிலோ, ஒவ்வொரு பெரிய ஆட்டமும் முந்தியதைக் காட்டிலும் கடுமையாக இருக்க வேண்டியிருந்தது. முன்பு ஆட்டத்தை முடித்த எறி ஒன்றிலிருந்து இம்முறை எதிரி எழுந்துவிடுவான். ஆகவே அதைவிடச் செங்குத்தான, தலைக்கும் கழுத்துக்கும் நெருக்கமாக விழும் எறி ஒன்று தேவைப்படும். உலகெங்கும் நுண்ணுணர்வுள்ள இரசிகர்கள் இன்றும் இக்காலத்தையே இக்கலையின் பொற்காலம் என்கின்றனர். அம்மதிப்பீடு பிழையன்று. ஆனால் அப்பொற்காலத்தின் முதன்மை மல்லரான மிட்சுஹரு மிசாவா, 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், பின்னாலிருந்து இடுப்பைப் பற்றிப் பின்புறமாக எறியும் சாதாரண வீச்சொன்றுக்குப் பின் எழவில்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அறுபட்டிருந்தது, வயது 46. இதே வீச்சை அவர் வாழ்நாளில் எண்ணற்ற தடவை வாங்கியவர் என்பதால், அவரைக் கொன்றது அந்த ஒரு வீச்சு என்பதைவிட, அதற்கு முந்திய ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டு ஆட்டம் என்பதே பொருந்தும்.

ஐக்கிய அமெரிக்கா பாணியை வளர்த்ததைவிட நிபந்தனைகளைப் பெருக்கியது எனலாம். முப்பது பேர் வரிசையாக நுழைந்து ஒருவரையொருவர் கயிற்றுக்கு மேலாக வெளியே தள்ளும் ‘ரோயல் ரம்பிள்’, இரும்புக் கூண்டு, ஏணி, மேசை, நாற்காலி என ஒவ்வொன்றும் சண்டைக்குப் புதிய கருவியையோ புதிய எல்லையையோ தருகின்றது. இரத்தமும் முட்கம்பியும் கலந்த ‘ஹார்ட்கோர்’ வகையை யப்பானில் ஒனிற்றா என்னும் மல்லரின் நிறுவனமும், பிலடெல்பியாவில் ஈ. சி. டபிள்யூ. நிறுவனமும் ஓர் இரசனையாகவே வளர்த்தன. இவ்வகையில் தெரியும் இரத்தம் பல வேளைகளில், மணிக்கட்டுத் துணிப்பட்டியில் ஒளித்துவைத்த சிறு பிளேட்டுத் துண்டால் மல்லர் தம் நெற்றியைத் தாமே கீறிக்கொண்டதன் விளைவாகும்.

‘எல்லாம் நடிப்பு’ என்று பெரியவர்கள் கையசைத்து ஒதுக்குவதற்கு எதிரே வைக்க வேண்டியது, ரிங்கின் தரை பற்றிய எளிய விவரமே. உருக்குச் சட்டங்களின்மேல் மரப்பலகைகள், அவற்றின்மேல் மெல்லிய பஞ்சணை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணி: இவ்வளவுதான். இதன்மேல் விழும் முறைக்குப் ‘பம்ப்’ என்று பெயர். விழுபவர் நாடியை நெஞ்சோடு ஒட்டிவைத்து, மூச்சை வெளியே விட்டு, கைகளை விரித்துத் தரையில் அறைந்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே கணத்தில் படும்படி இறங்க வேண்டும். தாக்கம் பரவலாகுமேயன்றி இல்லாமற் போவதில்லை. மேலும், தலைகீழாகத் தூக்கப்பட்ட ஒருவரால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது; தூக்கியவரே அவரைக் காக்க வேண்டும். குத்துச்சண்டையில் எதிரி அடிக்க முயல்வதால் காயம் வருகின்றது. இங்கே அடிக்காதிருக்க முயல்வதில் ஒரு நொடி தவறுவதால் வருகின்றது. முடிவு தீர்மானிக்கப்பட்டிருப்பது ஆபத்தை நீக்கவில்லை, அதைப் பொறுப்பேற்கும் கையை மாற்றியிருக்கின்றது.

பார்வையாளரின் நினைவு இவ்விடத்தில் தடுமாறுகின்றது. 1998 ஜூன் 28 அன்று பிற்ஸ்பர்க்கில், ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து சக மல்லர் அண்டர்டேக்கரால் வீசப்பட்டு, வருணனையாளர் மேசைமேல் விழுந்த மிக் ஃபோலியின் காட்சியை உலகின் எல்லா இரசிகரும் அறிவர். அவர் அன்றே எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1999 ஒக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தில் மல்லர் டரன் டிரோஸ்டொவ் வாங்கிய வீச்சு அப்படி யாருடைய நினைவிலும் நிற்கும் வகையினதன்று. வழமையான ஒரு தூக்கலில் பிடி வழுவியது, கழுத்து முறிந்தது, 2023 இல் இறக்கும்வரை அவர் நடக்கவில்லை. 1997 இல் ஸ்டீவ் ஒஸ்டினின் கழுத்தைச் சிதைத்ததும் ‘பைல்டிரைவர்’ எனும், எதிரியைத் தலைகீழாகப் பிடித்தபடி அமரும் பழைய பிடியே. அப்பிடியைப் போட்ட ஓவன் ஹார்ட், 1999 மே 23 அன்று கன்சாஸ் நகர அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கும் வேடிக்கை நுழைவொன்றின்போது கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். நிகழ்ச்சி அன்றிரவு நிறுத்தப்படாமல் தொடர்ந்தது என்பதை இரசிகருள் ஒரு பகுதியினர் இன்றும் மன்னிக்கவில்லை.

தலைக்கு ஏற்படும் சேதம் மெதுவாகவே தெரியவருவது. குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவை 1928 இலேயே மருத்துவர் மார்ட்லண்ட் விவரித்திருந்தபோதிலும், மல்யுத்தத் துறை அதைத் தனக்குரிய செய்தியாக எடுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் சென்றன. 2007 ஜூனில் மல்லர் கிறிஸ் பென்வா தம் மனைவியையும் மகனையும் கொன்று தம்முயிரையும் மாய்த்துக்கொண்ட பின், அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள் மீளமீளப்பட்ட அடிகளால் உண்டாகும் சிதைவின் தடயங்களைக் கண்டனர். கொலையை மூளைக் காயம் ஒன்றாலேயே விளக்கிவிட முடியாது. எனினும் அதன் பின்னரே நாற்காலியால் தலையில் அடிப்பதை டபிள்யூ. டபிள்யூ. ஈ. 2010 இல் தடைசெய்தது. அதுவரை அந்த அடியின் ஓசைக்கு எழுந்து நின்று ஆரவாரித்தவர்களும் இரசிகர்களே.

சட்டமும் இதில் ஒதுங்கி நின்றது. 1989 இல் நியூ ஜேர்சி மாநில மேலவையின் முன், தமது காட்சி உண்மையான போட்டியன்று, பார்வையாளரை மகிழ்விப்பதையே முதன்மை நோக்காகக் கொண்ட நிகழ்ச்சி என்று டபிள்யூ. டபிள்யூ. எஃப். நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்துவந்த ‘கேஃபேப்’ எனும் தொழில் இரகசியத்தை அது கைவிட்டதற்குக் காரணம் நேர்மையன்று. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடும் வசதியே. இன்றும் அந்நிறுவனத்தின் மல்லர்கள் ஊழியராகவன்றிச் சுயாதீன ஒப்பந்தகாரராகவே கருதப்படுகின்றனர்; அவர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது.

இரகசியம் உடைந்தபின் இரசிகர் குறையவில்லை, அவர்கள் விமர்சகராயினர். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலன் பார்த் 1957 இல் வெளிவந்த தம் நூலில், இது விளையாட்டன்று, துன்பத்தையும் நீதியையும் உரத்த சைகைகளில் காட்டும் நிகழ்த்துகலை என்று எழுதியபோது, கூட்டம் ஏமாறவில்லை என்பதையே வலியுறுத்தினார். இன்று அமெரிக்க விமர்சகர் டேவ் மெல்ற்சர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நட்சத்திர மதிப்பெண் இடுகின்றார். ஐந்தே உச்சம் என்றிருந்த அளவுகோல், 2017 ஜனவரியில் ஒக்காடா, ஒமேகா என்னும் மல்லர்களின் ஆட்டத்துக்கு ஆறாகவும், மறுவருடம் ஏழாகவும் நீண்டது. நுட்பத்தை விரும்புவோர், கதையை விரும்புவோர், துணிச்சலை விரும்புவோர் என இரசிகரைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஆயினும் மூன்று தரப்பினரும் ‘முன்பு பாராதது’ ஒன்றையே கேட்கின்றனர் என்பதில் ஒற்றுமை உண்டு. கதை விரும்பிகளின் கேள்வியே மல்லரின் உடலுக்கு ஓரளவு தயவு காட்டுவது. நல்ல கதை இருந்தால் ஒரு கைப்பிடியும் ஒரு முறைப்பும் அரங்கை நிறுத்திவைக்கும் என்பதற்குத் தாரா சிங்கின் காலமே சான்று.

தென்னாசியாவில் அவருக்குப் பின் அதே புகழை எட்டியவர் இமாசலப் பிரதேசத்தின் தலீப் சிங் ராணா என்கின்ற கிரேற் காலி. 2007 இல் டபிள்யூ. டபிள்யூ. ஈ. உலகப் பட்டத்தை வென்று, பின்னர் ஜலந்தரில் தமக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய இவர், 2016 பெப்ரவரியில் உத்தராகண்டின் ஹல்த்வானியில் வெளிநாட்டு மல்லர்களின் நாற்காலி அடியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாட்களில் டேராடூனில் மீண்டும் தோன்றி வென்றபோது, காயம் மெய்யா கதையின் பகுதியா என்று ஊடகங்களும் இரசிகரும் வாதிட்டனர். இத்தகைய வாதத்துக்கு இடமே தராத நிகழ்வொன்று அவருடைய தொடக்க காலத்தில் உண்டு. 2001 மே மாதம், கலிபோர்னியாவின் ஹேவார்ட் நகரில் அவர் பயின்ற பள்ளியில், ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த சக பயிலுநர் ஒருவர் காலியுடனான பயிற்சியில் தூக்கி வீசப்பட்டு விழுந்து இறந்தார். கூட்டமோ நட்சத்திர மதிப்பெண்ணோ அங்கு இல்லை. குடும்பத்தினர் பள்ளிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், முந்திய காயத்தைப் பொருட்படுத்தாமல் அவரைப் பயிற்சிக்கு விட்டமை பொறுப்பற்ற செயல் என 2005 இல் நடுவர்கள் தீர்த்து, 13 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட இழப்பீடு வழங்கப் பணித்தனர்.