செயற்கை விழித்திரை: ஒளியும் உத்தரவாதமும்

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிறார்கள். வீட்டில் ஒன்று உடைந்தால் கடைத்தெருவில் அதே அளவில் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். செய்த கம்பெனி மூடிப்போயிருந்தாலும் விளக்கு எரியும். செயற்கை விழித்திரையை எடைபோட இந்தப் பீங்கான் கட்டையே நல்ல அளவுகோல்.

முதலில் செயற்கை விழித்திரையின் பெருமை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பக்கப் பார்வையைத் தின்று, உலகத்தைக் குழாய்க்குள் சுருக்கிவிடும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் வழக்கத்தில் உள்ள நம் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஒளியை உணரும் செல்கள் செத்தாலும் அடுத்த அடுக்கின் நரம்புச் செல்கள் பல பிழைத்திருக்கும். அவற்றை மின்துடிப்பால் தட்டியெழுப்புவதுதான் உத்தி. செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் 2 கருவிக்கு 2013-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மூக்குக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, விழித்திரைமேல் 60 மின்முனைகள். முழு இருட்டில் இருந்தவருக்கு வாசல் நிலை ஒளிப்புள்ளிகளாகத் தட்டுப்பட்டது. 2025-இல் வெளியான, பிரைமா என்ற விழித்திரைச் சில்லின் சோதனை இன்னும் முன்னே போனது: மூப்பில் மையப் பார்வை இழந்து, ஓராண்டுச் சோதனையை முடித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வைக் கூர்மை கணிசமாகக் கூடியது.

ஆனால் பிரைமா சில்லில் இருப்பவை 378 படப்புள்ளிகளே. நிறம் கிடையாது. 'க'வையும் 'க்'கையும் பிரிப்பது ஒற்றைப் புள்ளி. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டாவிட்டால் அது கரைந்துபோகும். பல மாதப் பயிற்சியும் வேண்டும். பார்வை நரம்பே பட்டுப்போனவருக்கு இதனால் பயனில்லை.

இவையெல்லாம் காலப்போக்கில் தீரக்கூடிய குறைகள். தீராத குறை வேறு. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர் விலையுள்ள ஆர்கஸ் 2 உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. 2019-இல் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது; அடுத்த ஆண்டே திவாலின் விளிம்புக்கு வந்தது. ஜெர்மனியின் ரெட்டினா இம்ப்ளான்ட் நிறுவனமும் 2019-இல் கடையைக் கட்டியது. உள்ளே சில்லு நன்றாக இருந்தாலும், வெளிப்பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி கிடைப்பது பெரும்பாடானது.

மதுரையின் ஆரோலேப் 1992 முதல் கண்புரைக்கான லென்ஸை மலிவாகச் செய்துவருகிறது. அந்த லென்ஸுக்கு பேட்டரி இல்லை, மென்பொருள் இல்லை. வைத்த பிறகு கம்பெனியை நம்பியிருக்கவும் வேண்டாம். சில்லு வைத்தவருக்கோ கம்பெனியும் ஓர் உறுப்பு மாதிரி.

ஆகவே செயற்கை விழித்திரையை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை, நிபந்தனையோடு வரவேற்கலாம். நிறுவனம் மூடினால் வடிவமைப்பைப் பிறர் செய்யத் திறந்துவிட வேண்டும். உதிரிபாகங்களுக்கான பணம் முதல் அறுவைக்கு முன்பே தனியாக ஒதுக்கப்பட வேண்டும். மின்முனை எத்தனை என்று விசாரிப்பவர்கள், பதினைந்தாம் ஆண்டில் வயர் அறுந்தால் எந்தக் கடைக்குப் போவது என்றும் விசாரிக்கட்டும்.