வண்ணத்தாள்: எங்கே பலம், எங்கே பகட்டு

உடையார்பாளையம் வட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஸ்பாட் ஸ்கெட்ச் போட வரும் மாணவர்கள் சிலர் பழுப்புத்தாளோ சாம்பல்தாளோ கொண்டுவருகிறார்கள். கரியால் நிழல், வெள்ளைப் பென்சிலால் ஒளி, மற்றதெல்லாம் தாளின் நிறம். அரைமணி நேரத்தில் படம் முடிந்ததுபோல் தெரியும். அந்த நிறைவு வரைந்த கையால் வந்ததா, தாளால் வந்ததா?

நிறத்தாளில் வரையும் இந்த முறை பழையது. தாளுக்கு நிறம் பூசுவது எப்படி என்று 1400 வாக்கிலேயே இத்தாலியரான சென்னினோ சென்னினி தம் கைநூலில் சொல்லிவிட்டார். வெனிஸ் ஓவியர்கள் விரும்பிய நீலத்தாள், நீலச் சாயம் ஏறிய பழந்துணிக் கந்தலை அரைத்துச் செய்த மலிவுச் சரக்கு. 1506இல் அங்கிருந்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதில் வரைந்து பழகினார். ஊர் திரும்பி 1508இல் அவர் வரைந்த கூப்பிய கைகளின் படம் இன்றும் உலகெங்கும் நகலாகப் புழங்குகிறது. அதை அருகில் வைத்துப் பாருங்கள். விரலின் மேட்டில் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள், மடிப்பில் கருங்கோடுகள், நடுவே கோடே படாத நீலம். அந்தத் தொடாத இடம்தான் சதையாகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் பிஜப்பூர் ஓவியர்கள் வேறு வழியில் போனார்கள். நீரில் மிதக்கும் வண்ணத்தை ஒற்றியெடுத்த அலைத்தாளையே உருவத்தின் உடலாக்கினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள எலும்பும் தோலுமான குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் அப்படிப்பட்ட படம். இங்கே தாள் ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடுநிறமாக அடங்கி நிற்பதில்லை, அதுவே பேசுகிறது. இந்திய ஓவியத்தில் இவ்வளவு துணிச்சலான தாள் பயன்பாடு வேறில்லை என்பேன். நம் கலைக்கல்லூரிகள் இதை ஏன் பாடமாக எடுப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்குண்டு.

சோழபுரத்துக்கு வருவோம். அங்குள்ள சிவன் கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டருகே, பக்தர் சண்டேசருக்குச் சிவன் அருளும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் இருக்கிறது. ஆவணிக்குப் பின் சித்திரை வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் நேர்வெயில் குறைவு. தரையிலிருந்து எதிரொளித்த வெளிச்சத்தில் சண்டேசரின் குனிந்த தலையும் அதில் மாலை சூட்டும் சிவனின் கையும் மெல்ல மெல்லத் திரண்டு வரும். கல்லில் பளிச்சும் இல்லை, கும்மிருட்டும் இல்லை. இதற்குச் சாம்பல்தாளைவிடப் பொருத்தமானது கிடையாது, வெள்ளையைக் கையில் அடக்கிக்கொண்டால். ஆனால் பல படங்களில் மாலை, மகுடம், மூக்கு எல்லாவற்றிலும் வெள்ளை ஏறி, கல் பித்தளையாகிவிடுகிறது.

தெற்குச் சுவரின் உச்சிவெயிலுக்கு வெள்ளைத்தாள்தான். கோட்டை நம்பும் கலைஞருக்கும் அதுவே. ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ கோயிற்சிற்பப் படங்களில் ஓவியர் சில்பி நடுநிறத்தைக் கடன் வாங்கவில்லை, நுண்கோடுகளை அடுக்கி அடுக்கித் தாமே உண்டாக்கினார். துறையூர் அருகே கீரம்பூரில் பிறந்த ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களைச் சாம்பல்தாளில் நினைத்துப் பாருங்கள். கோட்டின் வீச்சு பாதியாகக் குறையும்.

ஆக, ஒளியும் நிழலும் கொண்டு உடலைத் திரட்டும் படத்துக்கு வண்ணத்தாள் உண்மையான பலம். கோட்டோவியத்துக்கு அது வெறும் அலங்காரம். இன்னொரு கணக்கும் உண்டு. மரக்கூழில் செய்த மலிவான பழுப்புத்தாள் ஆண்டுகள் போகப் போகக் கருத்து நொறுங்கும். நடுநிறம் இருண்டால் வெள்ளை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், ஓவியர் அளந்து வைத்த சமன் போய்விடும். பயிற்சிக்கு அது போதும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்குப் போதாது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் கூடம் 1959 முதல் பருத்திக் கந்தலில் தாள் செய்கிறது. அப்படியொரு பருத்தித்தாளை வாங்கி, சென்னினி சொன்னதுபோல் தானே சாம்பல் நிறம் பூசிக்கொண்டு சண்டேசர் முன் உட்காரும் மாணவரின் படத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.