சொல் என்னும் திரை

ஆங்கிலம் என்றால் நீண்ட சொற்கள். அவற்றை உருட்டத் தெரிந்தவனே அறிஞன். இப்படி ஒரு மயக்கம் நம்மவரிடையே உண்டு. அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் மருந்து, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஏப்ரலில் 'ஹொரைசன்' இதழில் வெளியிட்ட 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்னும் கட்டுரை.

அதன் உயிர்நிலை எது? வீண்சொல் வெறும் நடைக்குற்றமன்று. உண்மையை ஒளிக்கும் கருவி என்பதே. வானிலிருந்து குண்டு வீசி ஊர்களை அழிப்பதற்கு 'பேசிஃபிகேஷன்' என்று பெயரிட்டனர் ஆட்சியாளர். அமைதிப்படுத்தலாம்! சுடுகாட்டிலுந்தான் அமைதி நிலவுகிறது! இலத்தீன் வழிவந்த அச்சொல்லில் புகையில்லை, குருதியில்லை, குற்றவாளியுமில்லை.

இந்நோய் பழையது. 1066-இல் நார்மானியர் வென்றபின், ஆள்வோர் மொழி பிரெஞ்சு, ஏட்டுமொழி இலத்தீன், ஏழையின் மொழி ஆங்கிலம் என்றாயிற்று. இங்கிலாந்தின் நீதிமன்ற ஏடுகள் இலத்தீனை அறவே கைவிட்டது 1733-இல்தான். வழக்காடியவனுக்கே விளங்காத மொழியில் அவன் வழக்கு! புரியாததை ஓதிப் பெருமை தேடுவோர் எந்நாட்டில்தான் இல்லை?

ஆளுங்கூட்டத்துக்கே இச்சுமை பொறுக்கவில்லை. போர் நடுவே, 1940 ஆகஸ்டில், அறிக்கைகளைச் சுருக்குக என்று ஆணையிட்டார் சர்ச்சில். அரசாங்க அலுவலர்க்கு எளிய நடை கற்பிக்க, கருவூலத்துறையின் வேண்டுகோளின்படி, 1948-இல் 'பிளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூலைத் தந்தார் எர்னஸ்ட் கவர்ஸ்.

எனினும் ஆர்வெலோடு நாம் ஓரிடத்தில் மாறுபடுகிறோம். இலத்தீன், கிரேக்கச் சொற்கள்மீது அவர் கொண்ட ஐயம் சற்று மிகை. 'ஜஸ்டிஸ்', 'பீஸ்' என்பவை பிரெஞ்சு வழி வந்தவை. அவற்றை அறியாத ஆங்கிலத் தொழிலாளி உண்டா? மாறாக, 'லெட் கோ' என்பவை பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள்; குறுஞ்சொற்கள். தொழிலாளியின் வேலையைப் பறித்த முதலாளி அவற்றைத்தான் சொல்கிறான். போக விட்டானாம்! சிறைப்பட்டவனுக்கு விடுதலை தந்ததுபோல!

ஆகவே, சொல்லின் பிறப்பும் நீளமும் உரைகல் அல்ல. செய்தவன் யார், துன்புற்றவன் யார் என்பதைச் சொற்றொடர் காட்டுகிறதா, மறைக்கிறதா? அதுவே உரைகல். செய்வினையில் எழுதுக என்று ஆர்வெல் வற்புறுத்தியதன் பயனும் இதுவே.

மேடையேறும் இளைஞர்காள்! ஆங்கிலமாயினும் தமிழாயினும், எழுதியதை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். எந்தச் சொல்லை நீக்கினாலும் பொருள் குன்றவில்லையோ, அதை நீக்குங்கள். எந்தச் சொல்லை நீக்கினால் உண்மை வெளிப்படுமோ, அதை முதலில் நீக்குங்கள்.